லஞ்சத்தைப் பிடிக்கும் நாற்காலிக்கு டிசைன் போட்ட தஞ்சாவூர்க்காரர்! - கே.சந்தானத்தின் கதை

அக்டோபர் கடைசியில ஏதாவது ஒரு அரசு வங்கிக்குப் போயிருக்கீங்களா? வாசல்லயே ஒரு பேனர் தொங்கும். ஊழலுக்கு எதிரான விழிப்புணர்வு வாரம்னு எழுதியிருக்கும். ஊழியர்கள் எல்லாரும் வரிசையா நின்னு, லஞ்சம் வாங்க மாட்டோம், கொடுக்க மாட்டோம்னு உறுதிமொழி எடுப்பாங்க. நாம ஏ.டி.எம் க்யூவுல நின்னபடி அதை ஒரு பார்வை பார்த்துட்டு, மறுபடி மொபைலை ஸ்க்ரோல் பண்ண ஆரம்பிச்சுடுவோம்.

அந்த பேனரின் கீழ்ப்பக்கம் ஓர் அமைப்பின் பெயர் இருக்கும். மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம். மத்திய அரசு அலுவலகங்கள், பொதுத்துறை நிறுவனங்கள், அரசு வங்கிகள் எல்லாத்துக்கும் மேல ஒரு கண் வைத்திருக்கும் அமைப்பு. இதுக்கு ஒரு தலைவர் உண்டு.

அந்தத் தலைவரை யார் நியமிக்கிறாங்க? யாரைக் கண்காணிக்கணுமோ, அதே அரசாங்கம்தானே? அப்போ வீட்டுக்காரரே காவலாளியை நியமிச்சு, வீட்டுக்காரரையே கண்காணிக்கச் சொன்ன கதையா ஆகிடாதா?

இந்தக் கேள்வியை 60 வருஷத்துக்கு முன்னாடியே உட்கார்ந்து யோசிச்சவர் ஒரு தமிழர். தஞ்சாவூர் ஜில்லாவில் பிறந்த கஸ்தூரிரங்க சந்தானம். சுருக்கமா கே.சந்தானம். டி.என்.பி.எஸ்.சி, யு.பி.எஸ்.சி-க்குப் படிக்கிறவங்களுக்கு ‘சந்தானம் கமிட்டி’ ஒரு மார்க் கேள்வி. மத்தவங்களுக்கு, சந்தானம்னாலே காமெடி நடிகர் முகம்தான் ஞாபகம் வரும். இந்தச் சந்தானத்தை இன்னைக்குக் கொஞ்சம் பக்கத்துல போய்ப் பார்ப்போம், வாங்க.

வக்கீல் கோட்டைக் கழற்றியவர்

சந்தானம் பிறந்தது 1895-ல். சட்டம் படித்து வக்கீல் ஆனார். அந்தக் காலத்தில் தஞ்சாவூர்ப் பக்கத்துக் குடும்பத்தில் ஒரு பையன் வக்கீல் ஆகிட்டான்னா, அவன் வாழ்க்கை செட்டில் ஆகிட்டதா அர்த்தம். ஆனா, 1920-ல் காந்தி ஒத்துழையாமை இயக்கத்தை அறிவித்தார். பிரிட்டிஷ் நீதிமன்றங்களைப் புறக்கணிக்கச் சொன்னார். சந்தானம் தொழிலை விட்டுவிட்டு இயக்கத்தில் சேர்ந்தார்.

அதன் பிறகு ராஜாஜியின் நெருங்கிய வட்டத்தில் ஒருவராக ஆனார். 1925-ல் திருச்செங்கோடு பக்கத்தில் புதுப்பாளையம் என்ற கிராமத்தில் ராஜாஜி காந்தி ஆசிரமம் தொடங்கியபோது, சந்தானமும் அங்கே போனார். கதர் நூற்பு, மதுவிலக்குப் பிரசாரம், தீண்டாமை ஒழிப்பு என்று வேலைகள். வறட்சியான மண், வசதிகள் இல்லாத இடம். 1930-ல் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜி நடத்திய உப்பு சத்தியாகிரகத்திலும் சந்தானம் இருந்தார்.

அப்புறம் பத்திரிகை. 1933-லிருந்து 1940 வரை சென்னையில் ‘இந்தியன் எக்ஸ்பிரஸ்’ ஆங்கில நாளிதழுக்கு ஆசிரியர். பின்னாளில் டெல்லியில் ‘இந்துஸ்தான் டைம்ஸ்’ நாளிதழின் இணை ஆசிரியர். நடுவில் மத்திய சட்டசபையில் உறுப்பினர். பேனா ஒரு கையில, அரசியல் இன்னொரு கையில.

அரசியல் சட்டம் எழுதிய அறையில்

இந்திய அரசியலமைப்புச் சட்டத்தை எழுதிய அரசியல் நிர்ணய சபையிலும் சந்தானம் உறுப்பினர். சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தவர் இல்லை. வரைவின் பல பிரிவுகளில் திருத்தம் கொண்டுவந்து வாதாடியவர். முக்கியமாக, டெல்லியிடம் எல்லா அதிகாரமும் பணமும் குவிந்தால், மாகாணங்கள் கையேந்தி நிற்க வேண்டிவரும் என்று அப்போதே எச்சரித்தார். இன்னைக்கு ஜி.எஸ்.டி பங்கு பற்றி நடக்கிற சண்டையைப் பார்க்கும்போது, அந்தக் கவலை எவ்வளவு பழசுன்னு புரியுதா?

1948-ல் ரயில்வே, போக்குவரத்துத் துறையின் இணை அமைச்சரானார். இந்த ரயில்வேயை ஞாபகம் வச்சுக்கோங்க. கதையில் மறுபடி வரும்.

1952-ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். சந்தானம் மாயவரம், அதாவது இன்றைய மயிலாடுதுறைத் தொகுதியில் நின்றார். ரயில்வே அமைச்சருக்கு எதிரே நின்றவர் யார் தெரியுமா? ரயில்வே தொழிற்சங்கத் தலைவரான கம்யூனிஸ்ட் ஆனந்த நம்பியார்! ஜெயித்தவரும் நம்பியார்தான்.

தோற்றவரை டெல்லி கைவிடவில்லை. விந்தியப் பிரதேசத்தின் துணைநிலை ஆளுநராக அனுப்பியது. இன்றைய மத்தியப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதி அது. ரீவா அதன் தலைநகரம். இங்கே ஒரு பொருத்தம் பாருங்க. அந்தப் பகுதியின் முன்னாள் அமைச்சர் ஒருவர், வைரச் சுரங்க நிறுவனத்திடம் 25,000 ரூபாய் லஞ்சம் வாங்கிய வழக்கு அந்த ஆண்டுகளில்தான் உச்ச நீதிமன்றம் வரை போய், தண்டனை உறுதியானது. பிற்காலத்தில் ஊழல் பற்றி நாட்டுக்கே அறிக்கை எழுதப்போகிறவர், அந்தச் சமயத்தில் அதே மண்ணில் ஆளுநர் மாளிகையில் இருந்தார்.

1956-ல் இரண்டாவது நிதிக் குழுவுக்குத் தலைவரானார். மாநிலங்கள் கையேந்தக் கூடாது என்று சபையில் வாதாடியவருக்கு, அந்தப் பங்கைப் பிரித்துக்கொடுக்கும் பொறுப்பே வந்தது. வருமான வரியில் மாநிலங்களுக்கான பங்கை 55 சதவிகிதத்திலிருந்து 60 சதவிகிதமாக உயர்த்தப் பரிந்துரைத்தார்.

சாஸ்திரியின் அழைப்பு

இப்போ நம்ம கதைக்கு வருவோம்.

சுதந்திரம் வந்து 15 வருஷம். அணைகள், உருக்காலைகள், ஐந்தாண்டுத் திட்டங்கள்னு அரசாங்கத்தின் கையில் பணம் கொட்டியது. எதைச் செய்யணும்னாலும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா. எங்கே கையெழுத்துக்கு மதிப்பு கூடுதோ, அங்கே அதற்கு விலையும் வந்துடும் இல்லையா? 1958-ல் எல்.ஐ.சி பணத்தை முந்த்ரா என்பவரின் நிறுவனங்களில் முதலீடு செய்த விவகாரத்தில், நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி பதவி விலக நேர்ந்தது. நாடாளுமன்றத்தில் ஊழல் பற்றிய பேச்சு சூடுபிடித்தது.

1962-ல் உள்துறை அமைச்சராக இருந்தவர் லால் பகதூர் சாஸ்திரி. ஊழலைத் தடுக்க என்ன செய்யலாம் என்று ஆராய, நாடாளுமன்ற உறுப்பினர்களும் அதிகாரிகளும் சேர்ந்த ஒரு குழுவை அமைத்தார். அப்போது மாநிலங்களவை உறுப்பினராக இருந்த சந்தானத்தைத் தலைவராக்கினார். வயது 67.

குழுவில் எதிர்க்கட்சியைச் சேர்ந்த நாத் பை போன்றவர்களும் இருந்தார்கள். டி.பி.கோலி என்ற போலீஸ் அதிகாரியும் இருந்தார். குழு வேலை செய்துகொண்டிருந்தபோதே, 1963 ஏப்ரல் 1-ல் சி.பி.ஐ உருவானது. அதன் முதல் இயக்குநர் இந்த கோலிதான்!

நடுவில் ஒரு திருப்பம். 1963-ல் நம்ம காமராஜர் கொண்டுவந்த ‘கே பிளான்’ படி மூத்த அமைச்சர்கள் பலர் பதவி விலகினார்கள். சாஸ்திரியும் விலகினார். குழுவை அமைத்தவரே நாற்காலியில் இல்லை. குல்சாரிலால் நந்தா உள்துறைக்கு வந்தார். நல்லவேளை, குழு கலையவில்லை.

உள்ளே என்ன எழுதியிருந்தார்?

சந்தானம் கமிட்டியின் இறுதி அறிக்கை 1964 மார்ச் 31-ல் வந்தது. ஆளுங்கட்சிக்காரர் தலைமையில் எழுதப்பட்ட அறிக்கை என்றால் பூசி மெழுகியிருப்பார்கள் என்றுதானே நினைப்போம்? இந்த அறிக்கை அப்படி இல்லை.

அரசு ஒப்பந்தங்களிலும் கொள்முதலிலும் ஒரு குறிப்பிட்ட சதவிகிதம் வாடிக்கையாகக் கைமாறுகிறது என்று பல சாட்சிகள் குழுவிடம் சொன்னார்கள். பொதுப்பணித்துறைக் கட்டுமானங்களில் 7 முதல் 11 சதவிகிதம் வரை போகிறது, மேலிருந்து கீழ் வரை பங்கு பிரிக்கப்படுகிறது என்ற தகவலை அறிக்கை பதிவு செய்தது. அடுத்து வந்தது ரயில்வே. சரக்கு வேகன் ஒதுக்குவதிலும், சீக்கிரம் அழுகிப்போகும் பொருள்களை பார்சல் புக் செய்வதிலும் இதே வழக்கம் இருப்பதாக எழுதப்பட்டது. சந்தானம் இணை அமைச்சராக இருந்த அதே ரயில்வே. தன் பழைய துறைக்கு அவர் விலக்கு கொடுக்கவில்லை.

‘ஸ்பீடு மணி’ங்கிற வார்த்தையைக் கேள்விப்பட்டிருப்பீங்க. தப்பான வேலையைச் செய்துதரச் சொல்லி ஒருத்தர் பணம் கொடுக்கலை. நியாயமா நடக்கவேண்டிய வேலை சீக்கிரம் நடக்கணும்னு கொடுக்கிறார். ஃபைல் நகர, சர்ட்டிஃபிகேட் கிடைக்க, கனெக்‌ஷன் வர. நாம இன்னைக்கும் டீ செலவுன்னு சொல்றோமே, அதுதான். இதை அந்த அறிக்கை தெளிவாகப் பிரித்துக் காட்டியது. இதனால், பணம் கொடுத்தால்தான் வேலை நடக்கும் என்பதற்காகவே வேலையை வேண்டுமென்றே தாமதப்படுத்தும் பழக்கம் வளர்கிறது என்றும் சொன்னது.

ஊழலுக்கு நான்கு காரணங்களை அந்தக் குழு அடுக்கியது. நிர்வாகத் தாமதம். தன்னால் சமாளிக்க முடியாத அளவுக்கு அரசாங்கம் வேலைகளை இழுத்துப்போட்டுக்கொள்வது. அதிகாரிகளின் தனிப்பட்ட விருப்பத்துக்கு விடப்படும் முடிவுகள். சாதாரண ஆளுக்குப் புரியாத சிக்கலான நடைமுறைகள். ஆன்லைன்ல விண்ணப்பிச்சா ஏன் லஞ்சம் குறையுதுன்னு யோசிச்சிருக்கீங்களா? இந்த நாலுல ரெண்டு, மூணு காரணங்களை அது அடைக்குது. அவ்வளவுதான் விஷயம்.

அமைச்சர்களையும் விடவில்லை. கடந்த 16 வருஷங்களில் சில அமைச்சர்கள் தவறான வழியில் சொத்து சேர்த்ததாக மக்களிடம் பரவலான எண்ணம் இருக்கிறது என்று, அமைச்சர்களுக்கே அனுப்பும் அறிக்கையில் எழுதினார். கம்பெனிகள் அரசியல் கட்சிகளுக்கு நன்கொடை கொடுப்பதை முழுக்கத் தடை செய்யணும்னும் சொன்னார். தேர்தல் பத்திரம் செல்லாதுன்னு 2024-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னபோது நாம பேசினதும் இதே பிரச்னையைத்தான்.

அந்த நாற்காலி

இதையெல்லாம் எழுதினா போதுமா? பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேணுமே! அங்கேதான் அந்த நாற்காலி வருது.

ஒவ்வொரு துறையிலும் கண்காணிப்பு அதிகாரி இருப்பார். ஆனா, அவருக்கு பிரமோஷன் கொடுக்கிறவரும் அதே துறையின் மேலதிகாரிதான். மேலதிகாரியின் மேலேயே புகார் வந்தா அவர் என்ன செய்வார்? அதனால், எந்தத் துறைக்கும் கீழே வராத தனி ஆணையர் ஒருவர் வேண்டும் என்றது குழு. இறுதி அறிக்கை வருவதற்கு முன்பே இந்தப் பரிந்துரையை அரசு ஏற்றுக்கொண்டு, 1964 பிப்ரவரி 11-ல் தீர்மானம் போட்டு ஆணையத்தை அமைத்தது.

அந்த நாற்காலிக்குப் போடப்பட்ட விதிகளைக் கவனியுங்க. நியமிப்பவர் குடியரசுத் தலைவர். பதவிக்காலம் 6 ஆண்டுகள் அல்லது 65 வயது வரை, இதில் எது முதலில் வருதோ அதுவரை. பிடிக்கலைன்னு பாதியில் தூக்க முடியாது. யு.பி.எஸ்.சி தலைவரை நீக்கணும்னா என்ன வழிமுறையோ, அதே வழிமுறைதான் இவருக்கும். பதவி முடிந்த பிறகு மத்திய அரசிலோ, மாநில அரசிலோ வேறு வேலை பார்க்கக் கூடாது.

இந்தக் கடைசி விதி ரொம்ப முக்கியம். ரிட்டயர் ஆன பிறகு ஒரு நல்ல போஸ்ட்டிங் கிடைக்கும்ங்கிற ஆசை ஒருத்தருக்கு இருந்தா, கடைசி வருஷத்துல அவர் பேனா எப்படி எழுதும்? அந்தக் கதவையே மூடிட்டாங்க.

முதல் ஆணையராக, மைசூர் உயர் நீதிமன்றத்தின் முன்னாள் தலைமை நீதிபதி நிட்டூர் சீனிவாச ராவ் நியமிக்கப்பட்டார். காந்தியின் சுயசரிதையைக் கன்னடத்தில் மொழிபெயர்த்தவர். பெங்களூரில் புத்தகக் கடை நடத்தியவர். அரசுக் கோப்புகளுக்குள்ளேயே வளர்ந்த அதிகாரி ஒருவரைப் போடாமல், நீதிபதியாக இருந்த ஒருவரைக் கொண்டுவந்தது நல்ல தொடக்கம். 65 வயது நிறைந்ததும், 1968 ஆகஸ்ட்டில் அவர் விதிப்படி விலகினார்.

தமிழ்நாட்டிலும் இதன் எதிரொலி கேட்டது. நம்ம ஊர் லஞ்ச ஒழிப்புத்துறையும் 1964-ல்தான் உருவானது.

கைக்கு வராமல் போனவை

சந்தானம் கேட்டது எல்லாம் கிடைத்துவிட்டதா? இல்லை. அவர் வரைந்த படத்தில் ஆணையருக்குக் கீழே மூன்று பிரிவுகள் இருந்தன. பொதுமக்களின் புகாரைக் கேட்டுத் தீர்க்க ஒன்று, கண்காணிப்புக்கு ஒன்று, விசாரிக்கும் போலீஸ் பிரிவு ஒன்று. மக்கள் புகார்ப் பிரிவை அரசு ஏற்கவில்லை. போலீஸ் பிரிவும், அதாவது சி.பி.ஐ-யும், ஆணையரின் கைக்குள் வரவில்லை.

மிஞ்சியது என்ன? ஆலோசனை சொல்லலாம். இந்த அதிகாரி மேல் நடவடிக்கை எடுங்கள் என்று பரிந்துரைக்கலாம். துறை கேட்கலைன்னா, அதை ஆண்டறிக்கையில் எழுதி நாடாளுமன்றத்துக்குத் தெரியப்படுத்தலாம். தானே தண்டிக்க முடியாது. அமைச்சர்கள் இந்த ஆணையத்தின் வரம்புக்குள்ளேயே வரவில்லை.

இன்னொரு ஓட்டையும் இருந்தது. ஆணையம் வெறும் அரசுத் தீர்மானத்தால் பிறந்தது, சட்டத்தால் அல்ல. இன்னொரு தீர்மானம் போட்டால் கலைத்துவிடலாம். இந்த நிலையிலேயே 34 வருஷம் ஓடியது. யாரை நியமிக்கணும்ங்கிறதில் எதிர்க்கட்சிக்கு எந்தப் பங்கும் இல்லை.

சந்தானம் 1980-ல் காலமானார். இந்த ஓட்டைகள் அடைபடுவதை அவர் பார்க்கவில்லை.

அவருக்குப் பிறகு

1990-களில் ஜெயின் ஹவாலா டைரி விவகாரம் வெடித்தது. பெரிய அரசியல்வாதிகளின் பெயர்கள் இருந்ததாகச் சொல்லப்பட்ட டைரிகளை சி.பி.ஐ சரியாக விசாரிக்கவில்லை என்று பத்திரிகையாளர் வினீத் நாராயண் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1997 டிசம்பர் 18-ல் வந்த தீர்ப்பு, கண்காணிப்பு ஆணையத்துக்குச் சட்ட அந்தஸ்து கொடுக்கச் சொன்னது. சி.பி.ஐ-யின் செயல்பாட்டை மேற்பார்வையிடும் பொறுப்பையும் அதற்குக் கொடுக்கச் சொன்னது. சந்தானம் 1964-ல் கேட்டு கிடைக்காததில் ஒரு பகுதி, 33 வருஷம் கழித்து நீதிமன்றம் வழியாக வந்தது.

2003-ல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. இப்போது ஆணையரைத் தேர்வு செய்ய மூன்று பேர் கொண்ட குழு இருக்கிறது. பிரதமர், உள்துறை அமைச்சர், மக்களவை எதிர்க்கட்சித் தலைவர். பதவிக்காலம் 4 ஆண்டுகள் அல்லது 65 வயது வரை. ஓய்வுக்குப் பின் அரசுப் பதவி கூடாது என்ற பழைய பூட்டு அப்படியே தொடர்கிறது.

மூன்றில் இரண்டு பேர் அரசாங்கத்துக்காரங்கதானே, எதிர்க்கட்சித் தலைவர் சும்மா பேருக்கா என்று நீங்க கேட்கலாம். 2010-ல் அந்தக் கேள்வி நிஜமாகவே வந்தது. பி.ஜே.தாமஸை ஆணையராக்க பிரதமர் மன்மோகன் சிங்கும் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரமும் முடிவு செய்தார்கள். எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் எதிர்த்தார். கேரளாவின் பாமாயில் இறக்குமதி வழக்கில் தாமஸ் மீது குற்றச்சாட்டு நிலுவையில் இருந்ததுதான் காரணம். இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நியமனம் நடந்தது.

விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 2011 மார்ச் 3-ல் அந்த நியமனம் செல்லாது என்று தீர்ப்பு. தாமஸ் குற்றவாளியா, இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யவில்லை. அவர் வந்து உட்கார்ந்தால் அந்த நாற்காலியின் மேல் மக்களுக்கு நம்பிக்கை இருக்குமா என்பதைத்தான் பார்த்தது. எதிர்க்கட்சித் தலைவருக்கு வீட்டோ அதிகாரம் கிடையாது, ஆனால் அவர் எதிர்த்தால் காரணத்தைப் பதிவு செய்யணும், பெரும்பான்மையும் ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்குக் காரணம் எழுதணும் என்றது.

நமக்கு என்ன?

‘இந்தியன்’ படத்துல சேனாபதி தாத்தா வந்து லஞ்சம் வாங்குறவங்களைக் குத்தும்போது தியேட்டர்ல விசில் பறந்துச்சு. சந்தானம் தாத்தா கையில் கத்தி இல்லை. பதவிக்காலம், நீக்கும் முறை, ஓய்வுக்குப் பின் வேலை கிடையாது என்று விதிகளைத்தான் எழுதினார். அதுக்கு யாரும் விசில் அடிக்க மாட்டாங்க. ஆனா, ஒரு நேர்மையான ஆள் கிடைச்சா நாலு வருஷம் பயமில்லாம வேலை பார்க்க முடியுதுன்னா, அது இந்த விதிகளாலதான்.

அடுத்த தடவை டி.வி-யில் ஆணையர் நியமனம், சி.பி.ஐ இயக்குநர் நியமனம், லோக்பால் நியமனம்னு செய்தி ஓடினா, சேனலை மாத்தாதீங்க. மூணு கேள்வி கேளுங்க. இவரைத் தேர்ந்தெடுத்தது யார் யார், எதிர்ப்பு ஏதாவது பதிவாகியிருக்கா? பிடிக்கலைன்னா இவரைப் பாதியில் தூக்க முடியுமா? பதவி முடிஞ்சதும் இவர் எங்கே போகலாம்?

அப்புறம் ஒரு நடைமுறைத் தகவல். உங்க அரசு வங்கியிலயோ, மத்திய அரசு அலுவலகத்துலயோ லஞ்சம் கேட்டா, அது மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையத்தின் வரம்பு. ஆன்லைன்லயே புகார் கொடுக்கலாம். தாலுகா ஆபீஸ், பத்திரப்பதிவு அலுவலகம் மாதிரி மாநில அரசு இடங்கள்னா, மாநில லஞ்ச ஒழிப்புத்துறைக்குப் போகணும். ரெண்டுமே 1964-ல் பிறந்தவைதான்.